அத்தையின் புளியமரமும் அருணா எழுதிய ஒப்பந்தமும்

அன்பு மகன் விஜயராஜுக்கு,

ஜவ்வாது மலையிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை அருணா, ஆடு மாடு எல்லோரும் சௌக்கியம். புனேயில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்ப மட்டும்தான் முடிகிறது, போனில் எதைக் கேட்டாலும் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று இரண்டே பதில் வைத்திருக்கிறாய். சாமை அறுப்பு நல்லபடியாக முடிந்தது, இந்த வருஷம் காட்டுப்பன்றி தின்றதுபோக நமக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்க்கக் கூப்பிட்டால் ஓடிவிடுகிறார், ஓடுகிற காலுக்கு என்ன வலி என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியில் டவர் போய்விடும், நான் சொல்லப்போகும் கதையைப் பாதியில் விட்டால் உனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் கடிதம்.

நம் புளியமரங்களை இந்தமுறையும் கண்ணமங்கலம் வியாபாரி புருஷோத்தமன்தான் குத்தகைக்குக் கேட்டார். வழக்கமாக வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது. போன வருஷம் புளி உலுக்க வந்த ஆட்கள் கிளையையே வெட்டிப்போட்டுச் சண்டையானதே, அதனால் இனி எழுதிக்கொள்வோம், மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே போடுவோம் என்றார். உடனே அருணா, ‘நானே எழுதிடறேன்மா, ஏஐகிட்ட சொன்னா போதும்’ என்று டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறிவிட்டாள், எல்லாம் நீ பொங்கலுக்கு வந்தபோது கற்றுக்கொடுத்த வேலைதான். இறங்கி வந்து வாசித்தாள். ‘இதன்பின் முதல் தரப்பினர் என்று அழைக்கப்படுபவர்’ என்றதும் உன் அப்பா, ‘என்னை யாரும்மா அப்டி கூப்புடப் போறாங்க’ என்று சிரித்தார். ஆனால் விஷயம் சரியாகவே இருந்தது, கிளை வெட்டக்கூடாது, ஆள் விழுந்து அடிபட்டால் வைத்தியம் யார் பார்ப்பது, எல்லாம் வரிசையாக வந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, யார் வந்தாலும் எடுத்து வாசித்துக் காட்டினேன். அப்படி ஒருநாள் வந்தது உன் மாணிக்கம்மாள் அத்தை.

‘மேற்படி நிலத்திலுள்ள அனைத்துப் புளியமரங்களும் முதல் தரப்பினருக்குச் சொந்தம்’ என்று நான் வாசித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. ‘அப்போ ஓடைக்கரை மரம் இன்னா ஆச்சு அண்ணி?’ என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்குத்தான் தெரியுமே, நிலம் நம்முடையது, அந்த ஒரு மரம் மட்டும் அவளுடையது, அவள் கல்யாணத்தில் உன் தாத்தா கொடுத்தது. இந்த ஊரில் மண் ஒருவருக்கும் மரம் ஒருவருக்குமாக இருப்பது புதிதா என்ன? புதிதில்லாததால்தான் சொல்லவேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. உன் மாமா காலமானபிறகு அவளுக்கென்று இருப்பது அந்த மரம்தான். அதையும் அண்ணன் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். மறுநாள் வழியில் பார்த்தும் பேசவில்லை.

உன் அப்பா முதலில் போனைத் திட்டினார். பிறகு, ‘என் தங்கச்சி என்னைத் திருடன்னு நெனச்சிட்டா’ என்று சொல்லிச் சோற்றைத் தள்ளிவைத்தார். அருணாதான், ‘நாம சொல்லாதத அது எப்டிப்பா எழுதும்’ என்று சொல்லி, அவரையும் பாறைமேல் கூட்டிக்கொண்டு போனாள். இந்தமுறை எழுதச் சொல்லவில்லை, எழுதுவதற்குமுன் எங்களிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று அந்த ஏஐயிடமே கேட்டாளாம். அந்த நிலத்தில் வேறு யாருக்காவது மரமோ பாதையோ தண்ணீரோ பாத்தியம் உண்டா என்று அது கேட்டிருக்கிறது. உன் அப்பா கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாராம். ஓடைக்கரை மரம் மாணிக்கம்மாளுக்குச் சொந்தம், இந்தக் குத்தகையில் சேராது என்று தனியாக ஒரு வரி வந்தது. போளூர் வக்கீலம்மா படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார், மாணிக்கம்மாளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். நீயும் வாடகை வீட்டுக்கு அக்ரிமெண்ட் போடப்போவதாகச் சொன்னாயே, போனில் எழுதினாலும் வாயில் எச்சில் வற்றும்வரை படித்துப் பார், நமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்காதே, விஷயம் தெரிந்த ஒருவரிடமும் காட்டு.

வலிக்கிற முழங்காலோடு உன் அப்பாவே காகிதத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு இறங்கினார், நானும் பின்னாலேயே போனேன். அந்த ஒரு வரியை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இப்படி ஒரு காகிதத்தில் அவள் பெயர் வந்தது இதுதான் முதல் தடவையாம். அழுதாள், நானும் அழுதேன், உன் அப்பா மட்டும் கண்ணில் தூசி என்றார்.

அழுகை நின்றதும் உன் அத்தைக்குக் கொம்பு முளைத்துவிட்டது. என் மரத்துக்குத் தனி ஒப்பந்தம் எழுது என்று அருணாவைப் பிடித்துக்கொண்டாள். உலுக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன், கிளைமேல் கத்தி படக்கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனாள், நம்மைவிட நல்ல விலையும் வாங்கிவிட்டாள். புருஷோத்தமன், ‘அண்ணனைவிடத் தங்கச்சி பெரிய ஆளா இருக்குதே’ என்று தலையைச் சொறிந்தார். கடைசியாக ஒன்று சொன்னாள், முதல் கூடைப் புளி அண்ணன் வூட்டுக்குப் போகணும் என்று. ‘வருஷா வருஷம் தர்றதுதானே அத்தை, அத எதுக்கு எழுதிக்கிட்டு’ என்றாள் அருணா. அதற்கு உன் அத்தை, ‘எழுதாம வுட்டா இல்லைனு ஆயிடுதே கண்ணு, எழுதிடு’ என்றாள்.

மலையில் இருக்கும் சாமிகள் அத்தனையும் உன்னைக் காப்பாற்றட்டும், நோய்நொடியில்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அத்தைக்குப் போன் செய்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
அம்மாக்கண்ணு