காற்று நம் தெருப் பக்கம்

பிப்ரவரி 9

என் பிரியமானவருக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. அந்தப் பெரிய கட்டடம் எரிந்து இடிந்தபோது அதன் மேலிருந்த செல்போன் டவரும் விழுந்துவிட்டதால் போன் இல்லை; தண்ணீர் லாரி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி செருகியும் பாலில் சாம்பல் படிகிறது. பாப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. "கட்டடம்தான் விழுந்து முடிஞ்சிடுச்சில்லம்மா, இன்னும் ஏன் புகையுது?" என்கிறாள். நீங்கள் பொக்லைனால் இடிபாட்டைக் கிளறும்போதுதான் தூசி இங்கே வருகிறது என்கிறார் எதிர்வீட்டுக்காரர். உண்மையா?

உங்களவள்

பிப்ரவரி 11

பாப்பாவின் அம்மாவுக்கு,

உண்மைதான். மேலே ஆறிப்போன மாதிரி கிடக்கிறது. பொக்லைன் வாளியை இறக்கினால் உள்ளே கனல். கூடவே மாவு போல ஒரு தூள் கிளம்பும். வெயில் கீற்றில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதை உடம்பில் சுமந்து வரக்கூடாதென்றுதான் இங்கேயே படுத்துக்கொள்கிறேன்.

காற்று நம் தெருப் பக்கம் திரும்பினால் வண்டியை நிறுத்திவிடுகிறேன். மேஸ்திரிக்குக் கோபம். "காத்தப் பாத்துப் பாத்து நிறுத்த நீ என்ன பட்டமா விடுற?" என்றார். நான் இறங்கினால் இன்னொருவன் ஏறுவான். அவன் காற்றைப் பார்க்க மாட்டான். கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். நீ பாப்பாவோடு அக்கா வீட்டுக்குப் போய்விடு.

உன்னவன்

பிப்ரவரி 14

என் பிரியமானவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பாப்பாவின் கட்டிலில் வைத்துப் பிரித்தேன். மடிப்பிலிருந்து சாம்பல் நிறத் தூள் போர்வையில் கொட்டியது. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், அங்கேயும் அதுதான். காகிதத்தில் இவ்வளவு என்றால் உங்கள் நெஞ்சுக்குள் எவ்வளவு?

உங்கள் இருமலைப் பற்றி லாரி அண்ணனை விடாமல் கேட்டேன். "சளியில ரத்தம் வருது தங்கச்சி. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு" என்றார்.

இடிபாட்டில் சிக்கிய ஆட்களை எல்லாம் எடுத்தாகிவிட்டது. மிச்சம் கல்லும் கம்பியும்தான். அதற்கு உங்களைக் கொடுக்க மாட்டேன். தெருவில் கதவு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டேன், பாதிப் பேர் கிளம்புகிறார்கள். நாளைக் காலை நானும் பாப்பாவும் அக்கா வீட்டுக்குக் கிளம்பும் தண்ணீர் லாரி உங்கள் தடுப்பு வேலியருகே நிற்கும். மாற்றுச் சட்டை கொண்டுவருகிறேன். பதில் எழுதாதீர்கள், பிரிக்கப் பயமாக இருக்கிறது. நீங்களே வாருங்கள்.

உங்களவள்

பிப்ரவரி 14, மாலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

பயப்படாமல் பிரி. நான் வெளியே நின்று சொல்ல, அண்ணன் லாரிக்குள் உட்கார்ந்து தன் காகிதத்தில் எழுதுகிறார். வண்டிச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன். காலையில் வேலியருகே நிற்பேன். லாரித் தண்ணீரில் நான் குளித்து முடிக்கும்வரை பாப்பாவை என்னிடம் கொடுக்காதே. நான் கை நீட்டிக் கேட்டாலும் கொடுக்காதே.

உன்னவன்