லாரி ஏறாத பாலம்

இராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் நவாஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அக்கா சனாவும் பிள்ளைகளும் சுகம். சீனாவில் அந்த ஹாங்சோவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உங்க அத்தா எதையோ தேடுகிற மாதிரி பக்கத்திலேயே நிற்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது. ரஃபீக் மாமா சரக்குப் பார்க்க அங்கே வருவதால் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பேண்டேஜ் துணி வைக்கக் கிட்டங்கி கட்டச் சோழபுரம் ரோட்டில் அத்தா இடம் வாங்கியது உனக்குத் தெரியும். ரோட்டுக்கும் இடத்துக்கும் நடுவில் ஓர் ஓடை கிடக்கிறது, கண்மாய்க்குத் தண்ணீர் போகிற வழி. சில வருஷமாகக் காய்ந்து முள் மண்டிக் கிடந்தது. லாரி உள்ளே போக வேண்டுமே என்று அதை மூட மண் கொண்டுவந்து குவித்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வேலுசாமியும் அவர் சம்சாரம் சுடலைமாடத்தியும் வீட்டுக்கு வந்தார்கள், அவர்கள் வயல் அந்தக் கண்மாய்ப் பாசனம்தான். சண்டைக்கு வரவில்லை, டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேலுசாமி மெதுவாகத்தான் சொன்னார். "மாமா, வராத தண்ணிக்கு வழி எதுக்குன்னு நெனைக்காதிய. வாரப்போ அதுக்குப் போக எடம் வேணும்லா." இத்தனை வருஷப் பழக்கம், அத்தா செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அவர்கள் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது நீ அந்த ஊர்க் கால்வாயைப் பற்றிக் கல்பாலத்துப் படத்தோடு போனில் எழுதி அனுப்பியதை எடுத்து, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். பல நூறு வருஷத்துக்கு முன்னே வடக்கே ராஜா இருக்கிற ஊர் வரைக்கும் வெட்டி இணைத்த கால்வாய், தெற்கே விளைந்த நெல்லெல்லாம் அதில்தான் படகேறிப் போனது, பட்டும் தேயிலையும் கூடப் போனது, தண்ணீர்க் கரையில் முதலில் சரக்கு இறக்குகிற படி, பிறகு கிட்டங்கி, பிறகு கடை, பிறகு வீடு என்று ஊரே கால்வாய் போன பக்கமெல்லாம் நீண்டது, பின்னாளில் பஞ்சாலைகூடப் பாலத்தை ஒட்டித்தான் வந்தது என்று எழுதியிருந்தாயே. பஞ்சாலை என்றதும் உள்ளே செய்தித்தாள் புரளும் சத்தம் நின்றுவிட்டது. தண்ணீருக்கு வழிவிட்டவர்கள் வாசலுக்குத்தான் வியாபாரம் வந்திருக்கிறது போல என்று நானும் காற்றிடம் சொல்வது போலச் சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலையில் மணி பார்க்கப் போகிறேன் என்று என் போனை வாங்கினார். கையில் வாட்ச் கட்டியிருந்தார். கொஞ்ச நேரத்தில் கொத்தனார் பொன்னுராஜிடம் நீ அனுப்பிய கல்பாலத்துப் படத்தைக் காட்டி, நடுவில் வில் மாதிரி வளைந்து உயர்ந்திருக்கே, குவித்த மண்ணை அள்ளிவிட்டு அதே மாதிரி ஒரு பாலம் ஓடைக்கு மேலே வேண்டும் என்றார். இம்புட்டு மேடு வச்சா லாரி ஏறாதே முதலாளி என்று அவர் சொல்லத்தான் செய்தார். "சீனாவுல ஏறுது, சோழபுரத்துல ஏறாதா, நீ கட்டுய்யா" என்று அத்தா முடித்துவிட்டார். சிமெண்ட் மூட்டைக் கணக்கு எழுதியது நான். ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை, நீ அனுப்பிய படத்தை அத்தா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

முதல் லோடு வந்த அன்று லாரி உச்சியில் வயிறு தட்டி நின்றுவிட்டது, முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை, ஆடிக்கொண்டு நிற்கிறது. வயலிலிருந்து சுடலைமாடத்தி பார்த்துவிட்டு, "அண்ணே, லாரிக்குத் தொட்டில் கட்டியிருக்கிய, தாலாட்ட ஆள் அனுப்பட்டா" என்று கேட்டாளாம். அத்தாவுக்குக் கோபம் வந்திருக்கும் என்று பயந்தேன், அவர் சிரித்துவிட்டாராம். வேலுசாமிதான் டிராக்டர் கொண்டுவந்து இழுத்து எடுத்தார். இரண்டு பேரும் அன்று நம் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். ஐப்பசியில் மலையில் பெய்த மழைக்கு ஓடை நிறைய செந்தண்ணீர் வந்தது, பாலத்துக்குக் கீழே நுழைந்து கண்மாய்க்குப் போய்விட்டது. மூடியிருந்தால் அம்புட்டும் நம் துணிக்குள்தான் வந்திருக்கும், அல்ஹம்துலில்லாஹ். வேலுசாமி நடவு முடித்துவிட்டார்.

இப்போது லாரி ரோட்டிலேயே நிற்கிறது, துணி பேல்களைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாலத்தைக் கடக்கிறார்கள். மேட்டை வெட்டிச் சமமாக்கலாம் என்றால் உங்க அத்தா தொட விட மாட்டேன் என்கிறார். நேற்று என்னிடம் வந்து, அங்கே அம்புட்டு உயரத்தில் சரக்கை எப்படித்தான் ஏற்றுகிறார்கள், உன் மகனிடம் கேள் என்றார். நம் துணிக் கடைக்கு வர மாட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன்னைப் பற்றி அவராக வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. பாலத்து மேலே ஆள் நடக்க, சரக்கெல்லாம் கீழே படகில் போக என்று நீ அதன் கடைசி வரியில் எழுதியிருந்தாய், அந்த வரியை மட்டும் நான் அன்றைக்குப் படிக்கவில்லை, அதற்குள் அவர் தன் அறை விளக்கை அணைத்துவிட்டார். எனக்குத் தெரிந்தும், எனக்கென்ன தெரியும், அவனிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

ரஃபீக் மாமாவிடம் கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன், அவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பாதே. தொழுகையை விடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் சம்பாத்தியத்திலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அத்தா வீட்டுக்கு வந்ததும் போன் போடு, என் நம்பருக்கு வேண்டாம், அவர் நம்பருக்கு. நான் அந்த நேரம் அடுப்படியில் இருப்பேன்.

துஆவுடன்,
உன் அம்மா
அப்ரோஸ் பேகம்