கையால் தாங்கியவர்கள்

இன்று காலை குளிர் பொறுக்காமல் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே உன் பழுப்புச் சால்வை. அந்துருண்டை வாசனையைத் தாண்டி இன்னொரு வாசனையும் அதில் இருந்தது. வார்னிஷ் வாசனை. உன் சவப்பெட்டிக்குப் பூசிய வார்னிஷ். போன குளிர்காலம் முடிகிற நேரத்தில் இந்தச் சால்வையை நாலாக மடித்து என் வலது தோளில் வைத்து, அதன்மேல் உன்னைச் சுமந்தேன். அதற்குப் பிறகு இதைத் துவைக்கவில்லை. மருமகள் வாஷிங் மெஷினில் போடப் பார்த்தாள். "இதத் தொட்டியானா நான் இன்னைக்கே ஊருக்கு ரயிலேறிருவேன்" என்றேன். அதோடு விட்டுவிட்டாள்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாராவது சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். உன் வாழ்நாளிலேயே மிகப் பெரிய வெற்றியை நீ பார்க்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் இருந்த டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் லிப்ட் வைத்த உயரமான கட்டடங்கள் எழும்பிவிட்டன. பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கு ஒரு லிப்ட் இருந்திருந்தால் நீயும் நானும் சிநேகிதிகளாகியிருக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொண்டு அவரவர் பஸ்ஸைப் பிடித்திருப்போம்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது நாங்கள் மேல்மாடியில் இருந்தோம். வாரம் ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். படியோ இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால் சுவரில் இடிக்கிற படி. சபையில் அறிவிப்பு வாசித்தார்கள், எல்லாரும் தலை குனிந்து ஜெபித்தார்கள். ஆராதனை முடிந்ததும் நான் நேரே செயலாளரிடம் போனேன். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், தமிழும் ஆங்கிலமும் கரைத்துக் குடித்தவர். "ஐயா, புதன்கிழமை தோறும் ரெண்டு பேர் வந்து எங்க வீட்டுக்காரர படியில இறக்கி விட்டாப் போதும்" என்று கேட்டேன்.

"ஜெபத்துல தாங்கறோம்மா" என்றார்.

"ஜெபம் இருக்கட்டும் ஐயா. படியில இறக்கணும்லா?"

அவர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "வேதத்துல பவுல் என்ன சொல்றார் பாருங்க. அவனவன் தன் பாரத்தைத் தானே சுமக்கணும். கலாத்தியர் ஆறாம் அதிகாரம். போய்ப் படிங்க" என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அப்போதுதான் பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. அதுவரை உன்னை நர்ஸ் வெள்ளைச் சேலையிலும் இந்தச் சால்வையிலும் தூரத்தில் பார்த்ததோடு சரி.

"அதே அதிகாரத்துல மூணு வசனம் முன்னால ஒருத்தர் பாரத்த ஒருத்தர் சுமக்கச் சொல்லியிருக்கே, பிரதர். அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சோ?"

"சிஸ்டர், அதெல்லாம் ஆவிக்குரிய பாரம்" என்றார் அவர்.

"அப்படியா? இந்த அக்காவோட வீட்டுக்காரர் எழுபது கிலோ ஆவியாக்கும்" என்றாய் நீ. என் பக்கம் திரும்பி, "எத்தனாவது மாடி?" என்று கேட்டாய்.

அந்தப் புதன்கிழமை டூட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாய். கைவைத்த மர நாற்காலி ஒன்றைப் பொறுக்கினாய். அவர் இடுப்பைப் பெட்ஷீட்டால் நாற்காலியோடு கட்டினாய். முதுகு வலிக்காமலிருக்க உன் தோளிலிருந்த சால்வையை எடுத்துச் சுருட்டி வைத்தாய். ஆண்கள் எல்லாம் ஆபீஸ் போயிருந்த நேரம். கீழ்வீட்டுக் கும்பகோணத்து மாமியையும் எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரி சத்விந்தரையும் கூப்பிட்டோம். நான்கு கால் நாற்காலிக்கு நான்கு பெண்கள். நீயும் சத்விந்தரும் உயரம் என்பதால் கீழ்ப்படியில். நானும் மாமியும் மேல்படியில்.

"நான் சொன்ன பொறவு தூக்கணும். ஒண்ணு ரெண்டு எண்ண மாட்டேன். ஒரே வார்த்தைதான்" என்று சொல்லி மூச்சை இழுத்துக்கொண்டாய். "இப்ப."

நாற்காலி எழும்பியது. என் வீட்டுக்காரருக்கு அப்போது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அந்தக் கோணல் வாயிலும் கிண்டல் போகவில்லை. "ஏட்டி, கலியாணத்தன்னிக்குக்கூட என்ன இப்படி ஊர்கோலம் கொண்டுபோகல" என்றார்.

மாமி மூச்சிரைத்தாள். "ஏண்டிம்மா, ஆத்துக்காரரை இறக்கறேளா, பீரோவை இறக்கறேளா? சித்த மெதுவாப் போங்கோடி!" சத்விந்தர் அவரை அதட்டினாள்: "பாய்சாப், ஹிலோ மத்!" அசையக் கூடாதாம். அசைய முடியாத மனுஷனிடம் சொல்கிறாள். அவர் சிரிக்க, நாம் சிரிக்க, நாற்காலி ஆட, சுவரில் முழங்கை தேய... எப்படியோ தரைக்கு வந்துவிட்டோம்.

அவர் கண்ணை மூடும் வரை, வருஷக்கணக்கில், புதன்கிழமைகள் அப்படித்தான் போயின. சத்விந்தர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தை 'இப்ப'. காய்கறி வண்டிக்காரனிடம்கூட அதைச் சொல்லித்தான் தராசைத் தூக்க வைப்பாள். அவனும் தூக்குவான்.

இடைப்பட்ட மாடியில் நாற்காலியை இறக்கி மூச்சு வாங்குவோமே, அங்கேதான் எனக்கு வேதபாடம் நடந்தது. அந்த அதிகாரத்தை நான் விடவில்லை. பஸ்ஸில், ரேஷன் கியூவில், அடுப்படியில் வாசித்தேன். கையில் கிடைத்த விளக்கவுரைகளையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு வசனம் அடுத்தவன் பாரத்தைத் தூக்கு என்கிறது. இன்னொன்று உன் பாரம் உன்னுடையது என்கிறது. ஒரே மனுஷன், ஒரே கடிதம், மூன்றே வசன இடைவெளி. அவருக்கு மறதியா? ஒரு நாள் அந்த மாடியில் உன்னிடமே கேட்டேன்.

நீ கழுத்தைத் துடைத்துக்கொண்டாய். "இதுல என்னட்டி குழப்பம்? அண்ணனோட நோவு அண்ணனுக்குத்தான். அத நான் வாங்கிக்கிட முடியாது. நாற்காலிய வாங்கிக்கிடலாம்."

அவ்வளவுதான் சொன்னாய். 'இப்ப' என்றாய், தூக்கினோம்.

மிச்சத்தை நானே யோசித்து முடித்தேன். ஒரு மனுஷனுக்கு வந்த நோவு, அவன் பயம், அவன் கடவுளிடம் சொல்ல வேண்டிய பதில், இவற்றை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு நான்கு கால் உண்டு. அதைப் பிடித்தேனா, பிடிக்காமல் நடந்தேனா என்ற கேள்வி என்னுடைய தனிப் பாரம். அந்தக் கேள்விக்கு எனக்காக வேறொருவர் பதில் சொல்ல முடியாது. ஆக, இரண்டு வசனமும் சண்டை போடவில்லை. முதல் வசனத்தைச் செய்தாயா என்று கேட்கத்தான் இரண்டாம் வசனம் நிற்கிறது. இதைப் பெண்கள் ஐக்கியத்தில் பேச ஒரே ஒரு கூட்டம் கேட்டேன். வேதாகமக் கல்லூரிச் சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

நம் சபையில் பெட்டி தூக்குகிற வழக்கம் உனக்குத் தெரியும். இறந்தவருக்கு மேல் யாரும் கட்டளைச் சத்தம் போடக் கூடாது. பாட்டின் இரண்டாம் சரணம் தொடங்கும்போது ஆண்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். பெண்கள் பின்னால் நிற்க வேண்டும். ஊரில் அது சரியாக நடக்கும். அங்கே எல்லாருக்கும் பாட்டு மனப்பாடம். இங்கே டெல்லியில் பிறந்த பையன்களுக்கு எது முதல் சரணம், எது இரண்டாம் சரணம் என்று எப்படித் தெரியும்? பழைய பொருளாளர் இறந்தபோது ஒரு பக்கத்துப் பெரியவர்கள் சரணத்துக்குத் தூக்கிவிட்டார்கள். மறுபக்கத்துப் பையன்கள் பாட்டு முடியட்டும் என்று பவ்வியமாக நின்றார்கள். பெட்டி சாய்ந்து, உள்ளே அவர் 'தடக்' என்று புரண்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏட்டி, என்னையும் இப்படித்தான் சாச்சுப்புடுவானுவ. எனக்குப் பிள்ளையா குட்டியா, கேக்க ஆளு உண்டா? நீதான் என்னத் தூக்கணும். பொம்பளைங்களே தூக்குங்க."

"விடுவாகளா?"

"வேதத்துல கூரையப் பிரிச்சு அந்தத் திமிர்வாதக்காரன இயேசு முன்னால இறக்குனதுல, நாலு பேருன்னுதான இருக்கு. நாலு பேருக்கும் மீசை இருந்துச்சுன்னா எழுதியிருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் கையை விடவில்லை. நானும் வாக்குக் கொடுத்தேன்.

உன் கரோல் பாக் அறையில் நீ கடைசியாகப் படுத்தபோது இந்தச் சால்வையை என் மடியில் வைத்தாய். எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.

அடக்க ஆராதனை அன்று காலையிலேயே நம் சபைக் கோயிலுக்குப் போய்விட்டேன். உன் வார்டில் உனக்குக் கீழே வேலை பார்த்த நான்கு நர்ஸுகள் வந்திருந்தார்கள். மாமி தள்ளாத வயதிலும் ஆட்டோ பிடித்து வந்தாள், கூடவே அவள் மகள் ராதா. படியில் நாற்காலி இறங்கும்போது ஸ்கூல் பையோடு ஓரமாக ஒதுங்கி நிற்பாளே, அவள்தான். இப்போது பேங்கில் மேனேஜர்.

செயலாளர் இன்னும் அதே செயலாளர்தான். நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "பெண்கள் பெட்டி தூக்கறது நம்ம சபையில வழக்கமில்லைம்மா. உங்க வயசென்ன? கீழ போட்டுட்டா சபைக்கே அவமானம்."

"போன தடவ சாச்சது யாரு ஐயா? பொம்பளையளா?"

பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

அவர் ராதாவைக் காட்டினார். "இவங்க நம்ம சபையே இல்லையே?"

"இயேசுவோட சிலுவையத் தூக்க ரோட்டுல போன ஆளத்தான் பிடிச்சாக. நீ எந்தச் சபைன்னு கேட்டாகளா?"

"ஆண்ட்டி, எனக்கு எந்த சைடு? ஜல்தி சொல்லுங்கோ" என்று ராதா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொறுப்பு, ஒரு பாரம்னு வேதம் சொல்லுது. அவனவன் தன்..."

இந்த வாக்கியத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். முடிக்க விடவில்லை. "ஐயா, எங்க வீட்டுக்காரர இறக்கக் கேட்டப்ப என்ன சொன்னிய? ஜெபத்துல தாங்கறோம்னு சொன்னிய. இன்னைக்கும் நீங்க ஜெபத்துலயே தாங்குங்க. கையால நாங்க தாங்குதோம். அவ எங்க பாரம். எங்க பாரத்த நாங்களே சுமக்கணும்னு நீங்கதான படிச்சிட்டு வரச் சொன்னிய? படிச்சிட்டு வந்திருக்கேன்."

போதகர் சின்ன வயதுக்காரர்; இத்தனை நேரமும் ஆராதனைப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர் அதை மூடினார். "எடுக்கட்டும் ஐயா" என்று சொல்லி வழியை விட்டு ஒதுங்கினார்.

கைப்பை தோளில் இடைஞ்சலாக இருந்தது. கழற்றிச் செயலாளர் கையில் கொடுத்தேன். "இதையாவது பிடிங்க." பிடித்துக்கொண்டார்.

பாட்டுத் தொடங்கியது. உயரமான இரண்டு நர்ஸுகளை முன்னால் விட்டேன். சால்வையை மடித்துத் தோளில் வைத்தேன். சரணத்துக்குக் காத்திருக்கவில்லை. வழக்கத்தை மீறி, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "இப்ப."

நீ எழும்பினாய். பெட்டியின்மேல் வைத்திருந்த செவ்வந்திக் கொத்து அசையக்கூட இல்லை. கோயிலிலிருந்து வண்டிக்கும், கல்லறைத் தோட்ட வாசலிலிருந்து குழிக்கும் ஆறு பெண்கள் உன்னைச் சமமாகக் கொண்டுபோனோம். என் முட்டி கதறியது. கதறட்டும் என்று விட்டுவிட்டேன். மாமி கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே வந்து, "மெதுவா, மெதுவா, இது பீரோ இல்லேடி" என்று அழுதுகொண்டே அதட்டினாள். நமக்குப் பின்னால் செயலாளர், என் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசி மண் போடும் வரை கூடவே இருந்தார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கிற வசனத்தை அவர் முதன்முதலாகக் கைக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அறுவடைப் பண்டிகையின்போது அவர் என்னிடம் வந்து செருமினார். "என் மனைவி ஒண்ணு சொல்லச் சொன்னா. அவ நேரம் வரும்போது நீங்கதான் தூக்கணுமாம்."

"சாயங்காலம் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க ஐயா. எடை குறையட்டும், பாப்போம்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். பழைய புன்னகை இல்லை, இது வேறு. இருந்தாலும் பழையதை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இறக்கி வைக்கச் சொல்வாய். மாட்டேன். அந்தக் கோபம் என்னுடைய தனிப் பாரம். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது சபையில் பெட்டி தூக்கப் பெண்கள் பலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஒரு பெஞ்சை வைத்து அவர்களுக்குப் பழக்குகிறேன். யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்பதில்லை. பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, எந்தச் சரணமும் மனப்பாடம் கிடையாது. நாளை ஞாயிற்றுக்கிழமை. குளிரென்றாலும் வந்துவிடுவார்கள். உன் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் நிற்பேன். மூச்சை இழுத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்வேன். எல்லாக் கையும் ஒன்றாக எழும்பும்.