குளியலறையில் இனிப் பூச்சி இல்லை

சங்கவிக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? அவளுக்குச் சளி விட்டதா? மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். நான் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இந்தத் தொம்மலூர் வீட்டுக் குளியலறையில் சாம்பல் நிறக் குட்டிப் பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. உன்னிடம் மறைத்துவிட்டேன். மருந்தடித்தால் செத்து விழும். மறுநாள் அதே அளவு வந்து நிற்கும். வீட்டுக்கார அம்மா, பவுலின் என்கிற அக்கா, எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இளவரசு, இதுக்குள்ள கைக்கொழந்தய எப்படிக் கூட்டினு வருவே? மொதல்ல இத ஒழி" என்றார்.

அப்போதுதான் உறைத்தது, இவை எங்கிருந்து வருகின்றன என்று நான் பார்க்கவேயில்லை! தண்ணீர் போகும் துளைகளை மூடியிருக்கும் இரண்டு ஜாலித் தட்டுகளின் மேலும் டேப்பைப் பசைப்பக்கம் கீழாக ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பிரித்தால், வாஷ்பேசினுக்குக் கீழிருந்த டேப்பில் பதினேழு பூச்சிகள்! ஜாலியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த வழவழப்பான அழுக்கைத் தேய்த்தெடுத்துக் கொதிநீர் ஊற்றினேன். நான்கு நாள் விடாமல் செய்தேன். இப்போது ஒரு வாரமாக ஒன்றுகூட இல்லை, சங்கவி!

இன்று பவுலின் அக்கா வந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். "ஊட்டம்மாவ வரச் சொல்லுப்பா" என்றார். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு உனக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்!

ஜன்னலுக்குக் கட்ட உன் பழைய சேலை ஒன்று எடுத்து வா. பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து போட்டோ அனுப்பு, சாக்ஸ் வாங்க வேண்டும். இங்கே வரும்வரை என் படத்தை அவளுக்குத் தினமும் காட்டு. என்னைப் பார்த்து அழாமல் இருக்க வேண்டும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன்
இளவரசு