பிள்ளைக் காம்பராவில் ஒரே பிள்ளை

மே 24, திங்கள். காலையிலிருந்து சாரல்.

எஸ்டேட் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைத் திறந்து பெருக்கினேன். தொட்டில்களைச் சுருட்டிக் கட்டியாச்சு. ஒன்று மட்டும் தொங்குகிறது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கொரோனா முடியும்வரை பிள்ளைகளை இங்கே விடக்கூடாதாம், ஆபீஸ் உத்தரவு. நர்ஸ் பிரேமாவின் பிள்ளைக்கு மட்டும் அனுமதி.

பிரேமாவுக்கு கொரோனா வார்டு டூட்டி. முடிந்தாலும் லாட்ஜில் தனியாக இருந்து, டெஸ்ட் எடுத்த பிறகுதான் வருவாள். புருஷன் குவைத்தில். அம்மா பல்லடத்தில், மலைக்கு மேலே வர இ-பாஸ் கிடைக்கவில்லை. அதனால் இனி ராத்திரியும் பிள்ளை என்னோடு.

யாழினி. ஒன்றரை வயது. விட்டுப்போகும்போது பிரேமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க உள்ள கூட்டிட்டுப் போயிருங்கக்கா. பாத்தா என்னால போக முடியாதுங்க."

வாங்க: பால் பவுடர், ரொட்டி, மெழுகுவர்த்தி.

மே 26, புதன். மழை. கரண்ட் இல்லை.

குழாயடியில் ராசாத்தி மறித்தாள். லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்து வீடு. காம்பரா வேலைக்கு வருமுன் அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள் நான்.

"கோவிச்சுக்காத. அந்த ஆஸ்பத்திரிக்காரி புள்ள ஒங்கிட்ட இருக்கிற வரைக்கும் இங்க வராத. வூட்ல மாமனாருக்கு மூச்சு எளைப்பு."

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். தரையைப் பார்த்துச் சொன்னாள். எல்லாரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகு குடத்தோடு போனேன்.

லயத்து வீட்டைப் பூட்டிவிட்டேன். படுக்கையும் காம்பராவில்தான்.

மே 29, சனி. மூடுபனி.

பிள்ளை அழாமல் தூங்கியது. முதல் தடவை.

பிரேமா வீடியோவில் வந்தாள். மூக்கிலும் கன்னத்திலும் மாஸ்க் தழும்பு. "அம்மா பாரு, அம்மா" என்று போனைக் காட்டினேன். பிள்ளை திரும்பி என் மூக்கைத் தொட்டு "ம்மா" என்றது. பிரேமா சிரித்தாள். "டாக்டர் கூப்பிடறாங்கக்கா" என்று வைத்துவிட்டாள். யாரும் கூப்பிட்டதாகக் கேட்கவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. காம்பரா நிறைய பிள்ளைகள் கத்தும்போது அதை நினைக்க நேரம் இருந்ததில்லை.

ஜூன் 2, புதன். மழை விட்டு விட்டு.

இன்று பேசிய ஆட்கள்: யாழினி. பால்காரர், ரோட்டில் நின்றபடி. வேறு யாரும் இல்லை.

பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறது. சோற்றைக் குழைய வடித்துப் பருப்பு பிசைந்து ஊட்டுகிறேன்.

ஜூன் 6, ஞாயிறு. நல்ல வெயில்.

பிரேமா வந்தாள். டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை. ரொம்ப இளைத்துவிட்டாள். கையை நீட்டினாள். பிள்ளை என் கழுத்தை இறுக்கிக்கொண்டது. மாஸ்க்கைக் கழற்றிக் காட்டினாள். அலறல்.

பிரேமா சுவரோரமாக உட்கார்ந்தாள். பிறகு, "இவளுக்கு என்னைத் தெரியலீங்கக்கா. இன்னும் ரெண்டு நாள் உங்ககிட்டயே இருக்கட்டுங்களா?"

சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ரெண்டு நாள். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"வேணாம். நான் இங்க இருந்தா அது ஒங்கிட்ட வராது" என்றேன். பிள்ளையின் விரல்களைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

தேயிலைக்குள் இறங்கி நடந்தேன். எவ்வளவு இறங்கினாலும் அழுகை கேட்டது. செடிக்கடியில் உட்கார்ந்துவிட்டேன். காலில் அட்டை ஏறியது. எடுக்கத் தோன்றவில்லை. எழுந்தால் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிவிடுவேனோ என்ற பயம்தான்.

சத்தம் நின்றது. அப்போதும் போகவில்லை. வெயில் இறங்கின பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிரேமா சுவரில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்குகிறாள். பிள்ளை அவள் மேல் படுத்து, அவள் கம்மலைத் திருகிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்தது. இறங்கி வரவில்லை.

சந்தோஷம்தான். அப்புறம் ஏன் இப்படி என்று தெரியவில்லை.

ஜூன் 7, திங்கள். சாரல்.

காலையில் ஆட்டோ வந்தது. பிரேமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கை காட்டியது.

காம்பரா எப்போது திறக்கும் என்று ஆபீசில் கேட்டேன். "மேனேஜர் தொரை சொல்லணும். அதுவரைக்கும் மலைக்குப் போங்க" என்றார் கணக்குப்பிள்ளை. நாளையிலிருந்து கொழுந்துக்கு.

தொட்டிலை அவிழ்த்துத் துவைத்துப் போட்டேன். காயவில்லை.

மத்தியானச் சோற்றை நினைவில்லாமல் குழைய வடித்துவிட்டேன். பருப்பு ஊற்றிப் பிசைந்து அப்படியே சாப்பிட்டேன்.