போர்வைக்குள் கம்பவுண்டர்

நர்ஸம்மாவுக்கு,

எனக்கு ஜலதோஷம் என்று மருமகள் இன்று காலை நொச்சித் தழையைப் பானையில் போட்டுக் கொதிக்கவைத்தாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பெரிய டாக்டரின் மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று வாசலைப் பார்த்தேன். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

எண்ணூர் போகும் சாலையில் நம் சின்ன ஆஸ்பத்திரி. குப்பமெங்கும் குளிர்காய்ச்சல். நான் கொய்னா மருந்து கலந்து வைப்பேன்; ஒருவரும் குடிக்கமாட்டார்கள். கசப்பு, காதில் இரைச்சல் வேறு. நீங்கள்தான் வழி கண்டீர்கள். முதலில் போர்வைக்குள் நொச்சி ஆவி. வியர்த்து, உடம்பு இளகி, தலை வெளியே வந்ததும் "ஆ காட்டு" என்பீர்கள். கொய்னா உள்ளே போய்விடும். காய்ச்சலைத் தீர்ப்பது மருந்து, மருந்திடம் ஆளைக் கொண்டுவருவது நொச்சி என்பீர்கள். அது முறையா என்று எனக்குச் சந்தேகம்தான். பெரிய டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. இன்னொரு முறை தழைப் பானையைக் கண்டால் உங்களைத் தூர ஊருக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காத்திவாக்கத்து மீன்காரம்மா அப்போதுதான் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். வாசலில் மோட்டார் வந்து நின்றது. அவள் பின்கட்டு வழியாக ஓடிவிட்டாள். பானை மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நொச்சி வாசனை தெரியாமலிருக்க நீங்கள் தரையில் பினாயிலைக் கொட்டினீர்கள். பிறகு என் தோளைப் பிடித்து அழுத்தி, "குந்துங்க கம்பவுண்டரே" என்றீர்கள். பானைமேல் குனிந்து நான், என்மேல் போர்வை.

யாரோ நோயாளி என்று நினைத்து, போர்வைக்கு வெளியே தெரிந்த என் கையை டாக்டர் தொட்டுப் பார்த்தார். "கொதிக்குதே. கொய்னா ரெண்டு பங்கு குடுங்க."

நீங்கள் கொஞ்சமும் தயங்கவில்லை. போர்வை இடுக்கில் கிண்ணம் வந்தது. காலையில் நானே அளந்து, மறுபடி சரிபார்த்துக் கலந்த மருந்து. குறை சொல்ல வழியில்லை. குடித்தேன். கம்பவுண்டர் எங்கே என்று அவர் விசாரித்தார்.

"வேலையா இருக்காரு சார்" என்றீர்கள்.

அதோடு போயிருப்பார். ஆனால் மீன்காரம்மா கூடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா நர்ஸம்மா, என் எடத்துல எவன் குந்திகினு கீறான்? ஆவி புடிக்காம அந்தக் கசப்ப நான் தொடமாட்டேன், ஆமா."

டாக்டரே போர்வையைத் தூக்கினார். என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. அவர் முகம் தெரியாதது என் அதிர்ஷ்டம். எழுந்து வணக்கம் வைத்தேன், சுவரைப் பார்த்து.

அவர் மீன்காரம்மாவிடம் கிண்ணத்தை நீட்டினார். அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அதட்டிப் பார்த்தார், அவள் கிளம்புவதற்குக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். கடைசியில் அவரே பானையைக் காட்டி, உட்காரச் சொன்னார். அவள் ஆவி பிடித்து எழுந்ததும் நீங்கள் சொல்லாமலே வாயைத் திறந்தாள். டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "நான் வர்றப்ப பானை என் கண்ல படக்கூடாது" என்று மட்டும் சொன்னார். மாற்றல் உத்தரவு வரவேயில்லை. என் காதில் இரைச்சல் மறுநாளும் இருந்தது. அதையும் கேட்டுச் சிரித்தீர்கள்.

இன்று ஆவி பிடித்து முடித்துப் போர்வையை விலக்கினேன். மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "என்ன மாமா வேணும்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் தெரிந்தது, நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று.