மெர்சி அக்கா கேட்ட பாட்காஸ்ட்

செவ்வாய்க்கிழமை, சிலிபின்

உலக அரசியல் பற்றி நான் தமிழில் நடத்தும் பாட்காஸ்டை எதிர்வீட்டு மெர்சி அக்கா கேட்பார் என்று நினைத்ததே இல்லை. இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது வாசலுக்கே வந்துவிட்டார். அழுதிருந்தார்.

“செங்கடல் பக்கம் போற கப்பல் எதுவும் தப்பாதுன்னு சொன்னியே தம்பி, உனக்கு யாரு சொன்னா? அண்ணன் இப்ப அங்கதான் லா போயிட்டு இருக்காரு.”

அவர் கணவர் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரர். அது எனக்கு நன்றாகவே தெரியும். மைக் முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்பவர்கள் பாதியில் போய்விடக் கூடாது என்று நானாகச் சேர்த்த வரி அது.

“அது நானா சொன்னதுதான் அக்கா. மன்னிச்சிடுங்க,” என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நீ சொன்னா சரி லா. இன்னைக்காவது சோறு இறங்கும்.”

அதுவும் எனக்குத் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.